கம்பி பிரஷ் பட்ட எலும்பு

இந்தக் காலத்தில் எதைக் கண்டாலும் வாயைப் பிளப்பதற்கு ஆள் இருக்கிறது. நாற்பது வருஷம் கறிக்கடை வைத்திருந்தேன். என் கடை எலும்பை நாயைத் தவிர யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே என்னடாவென்றால், மண்ணைத் தோண்டி எடுத்த எலும்பைப் பஞ்சில் படுக்கவைத்து, லென்ஸ் பிடித்துப் பார்க்கிறார்கள். பல ஆயிரம் வருஷத்துப் பழசாம்; நான் நம்பவில்லை.

அகழாய்வு நடக்கிற இடத்தில் அந்த எலும்புகளை வைத்திருக்கும் கொட்டகைக்கு இப்போது நான் காவல்காரன். பள்ளிக்கூடம் விட்டதும் என் பேத்தி வாலு அங்கே வந்துவிடுவாள்.

ஒரு நாள் காலை மானின் கால் எலும்பு அழுக்காகக் கிடந்தது. கழுவுகிற வேலை சுருட்டைமுடி மாணவிக்கு. அவள் சின்னத் தூரிகையால் தடவித் தடவியே பொழுதை ஓட்டுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர்த்தொட்டி தேய்க்கிற கம்பி பிரஷை எடுத்தேன். கடையில் வெட்டுப்பலகையைத் தேய்ப்பதுபோல நாலு இழுப்பு. பளிச்சென்று ஆகிவிட்டது.

சாயங்காலம், அகழாய்வை நடத்துகிற ஆய்வாளரம்மா அதைக் கையில் எடுத்தார். முகம் மாறிவிட்டது.

"யாரு இதை இப்படிச் சுரண்டினது? கல்லுக் கத்தி பட்ட தடம் இருந்தாத்தானே, அந்தக் காலத்து வேட்டைக்காரங்க மானை எப்படி அறுத்தாங்கன்னு தெரியும்! எல்லாம் போச்சே!"

"நான் இல்ல மேடம்..." சுருட்டை அழுதாள்.

"கழுவற வேலை உன்னோடதுதானே? நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

இத்தனை வயசான ஆள், ஒரு சின்னப் பெண் என்னால் அழும்போது, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாலு பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "தாத்தா, தொட்டி பிரஷ்ல எலும்புத் தூள் ஒட்டியிருக்கு."

"சும்மா இரு."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படிச் சுட்டிருக்காது.

"நான்தாம்மா தேய்ச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

ஆய்வாளரம்மா சுருட்டையைப் பார்த்தார். "விசாரிக்காமப் பேசிட்டேம்மா. மன்னிச்சுடு."

சுருட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தாத்தா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குள் வாலு லென்ஸை எடுத்துக்கொண்டாள்.

"மேடம், தாத்தா போட்ட கீறல் எல்லாம் வெள்ளையா, நீளமா இருக்கு. ஆனா ஓரத்துல மூணு குட்டிக் கீறல் பழுப்பா இருக்கே? உள்ள மண்ணுகூட இருக்கு. இது தாத்தா போட்டது இல்லையே!"

ஆய்வாளரம்மா குனிந்தார். "அட, ஆமாம்! இதுதான் பழசு! மூட்டுகிட்ட அறுத்திருக்காங்க!"

நானும் எட்டிப் பார்த்தேன். "அங்கதான் கத்தி வைக்கணும். அப்பத்தான் கால் தனியா கழண்டு வரும்" என்றேன். அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்!

கம்பி பிரஷை எடுத்துச் சுருட்டையிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தேன். வாலு ஓடிவந்து மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நம்பறீங்களா தாத்தா?"

"தொழில் தெரிஞ்சவன் எவனோ அறுத்திருக்கான், சரி. அதுக்காகப் பல ஆயிரம் வருஷமாம்! போன வருஷத்து ஆளாக்கூட இருக்கும், வா" என்றேன்.