தாங்குநேரம்

காலை ஆறு மணிக்குப் பிரகாசியும் அவள் கணவன் சவரிராயனும் வாசற்கதவின் குருதிமானியில் விரல் வைத்தார்கள். தூத்துக்குடியில் அது இல்லாத வீடு கிடையாது. ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, அதிலிருக்கும் கொலஸ்ட்ரால் துகள்கள் ஆக்ஸிஜனேற்றத்தை எத்தனை நிமிடம் தாங்கும் என்று காட்டும். இருபதுக்குக் கீழே இறங்கியவரைக் கதவு வெளியே விடாது.

அவளுக்கு இருபத்தெட்டு நிமிடம். அவனுக்குப் பதினான்கு.

காற்றில் ஓசோன் பெருகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆக்ஸிஜனேறிய துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து, முப்பது வயதுக்காரர்கள்கூட மாரடைப்பில் போனார்கள். அதைத் தடுக்க வார்டு அலுவலகம் மாதந்தோறும் ஆளுக்கு ஒரு குப்பி வைட்டமின் ஈ துளிகளும் முப்பது வைட்டமின் சி மாத்திரைகளும் கொடுத்தது.

சவரிராயன் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். சென்ற மாதம் அவனுக்கு முதல் மாரடைப்பு வந்ததிலிருந்து பிரகாசி தன் துளிகளையும் அவனுக்கே ஊற்றினாள். அதுவும் போதாதென்று தோன்றியது. பக்கத்து வீட்டுத் தொம்மையம்மாளின் மகளுக்கு ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சி மாத்திரை கூடுதலாக வேண்டும். பிரகாசி தங்கள் இரண்டு பேருடைய மாத்திரைகளையும் கொடுத்து அவர்களுடைய துளிகளை வாங்கிவந்தாள். கணவனிடம் சொல்லவில்லை.

கணவனுக்குக் கதவு திறக்காததால் வார்டு மருத்துவர் நாச்சியார் வீட்டுக்கே வந்தார். சவரிராயன் கட்டிலில் மூச்சுவாங்கிக் கிடந்தான். மாத்திரை எங்கே என்று அவர் கேட்டதும் பிரகாசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"வைட்டமின் ஈ துகளுக்குள்ளயே இருந்து ஓசோன் அடிய தானே வாங்கிக்கும்மா. அடிபட்டத திரும்ப எழுப்புறது சி. அது இல்லன்னா, அடிபட்ட அந்த வைட்டமினே துகள எரிக்க ஆரம்பிச்சிரும்."

"அப்போ நான் ஊத்தினதெல்லாம்?"

எரிந்ததை எதுவும் மீட்காது, மீதியைக் காக்க இன்றே மாத்திரை தொடங்க வேண்டும் என்றார் மருத்துவர். அடுத்த பங்கீட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. அவர் கைவசமும் ஒன்றுமில்லை.

பிரகாசி நடைவழியில் ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே சிறுமி முறுக்கைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். பல்லில் ரத்தமில்லை. அலமாரிக் குப்பியில் ஏழெட்டு மாத்திரைகள் கிடந்தன.

"மூணு மாசத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் கடிச்சுத் திங்கா. ஒன்னாலதான்க்கா," என்றாள் தொம்மையம்மாள். நிறுத்தினால் மறுபடி கசியும் என்று மருத்துவர் எச்சரித்ததையும் சொன்னாள்.

பிரகாசி குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டால் தொம்மையம்மாள் கொடுத்துவிடுவாள். அதனாலேயே கேட்க வாய் வரவில்லை. சிறுமியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

"குடுத்தாளா?" என்று சவரிராயன் கேட்டான்.

"வீடு பூட்டிக் கெடக்கு."

சுவருக்கு அப்பால் சிறுமி வாய்விட்டுச் சிரிப்பது தெளிவாகக் கேட்டது. அவன் சற்றுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமா, பூட்டித்தான் கெடக்கு," என்று சொல்லி, அவள் உட்காரக் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான்.