அழுத்தம் இறங்கிய பிறகு

அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகும் சோடியம் கண்ணாடியாகவே இருந்தது.

அது முறையில்லை. இரண்டு வைர முனைகளுக்கு நடுவே பயங்கரமாக நசுங்கும்போது அந்த வெள்ளி நிற உலோகம் தன் குணம் மாறி, ஊடுருவிப் பார்க்கும்படி தெளிந்துவிடும். பிடி தளர்ந்தால் மறுபடி உலோகமாகிவிடும். துறைத்தலைவருக்கே தெரிந்த விஷயம் என்றால் உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

"அத்தான், திருகெல்லாம் கழட்டிட்டேன். அப்படியே இருக்கு," என்றான் ஆய்வக உதவியாளன். துறைத்தலைவரின் மனைவிக்குத் தம்பி, அவர் சிபாரிசில் வந்தவன்.

"இங்க நான் உனக்கு சார்."

"சரிங்க சார் அத்தான். தொட்டுடாதீங்க, கையுறை எடுத்துட்டு வரேன்."

அவன் போனதும் தாழ்ப்பாள் போட்டார். மாணவர்களின் கட்டுரைகளில் முதல் பெயராக உட்கார்ந்தே தலை நரைத்தவர். இந்தக் கண்டுபிடிப்பில் மட்டும் தன் பெயர் தனியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. வெற்றிடப் பம்பின் முனகலும், ஈர இரும்பைப் போன்ற ஒரு வாடையும், மேசை விளக்கின் மஞ்சளும் சூழ நின்று, அந்தத் துணுக்கைக் கட்டைவிரலால் அழுத்தி ஒற்றி எடுத்தார்.

வலிக்கவில்லை. குளிர்ந்தது.

விரல்நுனியின் வழியே மேசையின் கீறல் தெரிந்தது.

மேல்கோட்டில் அழுத்தித் துடைத்தார். விரல் கணுவரை தெளிந்தது. நகம், எலும்பு, ரத்தம் எதையும் காணோம். மேலே ஏறாமலிருக்க இடது கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். மணிக்கட்டும் போனது. பிடித்த விரல்களும் போயின. அமுக்கிய இடமெல்லாம் கண்ணாடி.

கதவு தட்டப்பட்டது. "அத்தான்? ஏன் தாழ் போட்டிருக்கீங்க? ஏதாவது ஆயிடுச்சா?"

கூப்பிடலாம். கூப்பிட்டால் கட்டுரையில் இரண்டு பெயர். அதுவும் மச்சினன் பெயர். உதடுகளை இறுக்கிக்கொண்டார்.

உதடுகள் குளிர்ந்தன.

"அத்தான், சத்தம் குடுங்க! கதவை உடைக்கவா?"

இப்போது கத்தத்தான் நினைத்தார். வாய் பிரியவில்லை. கதவை நோக்கி ஓர் அடி. செருப்புக்குள் பாதம் சில்லிட்டது. நிற்பதும் அழுத்தம்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

குனிந்து பார்க்கப் பயம். பார்க்கக் கூடாது. கண்களை மூடினார். இறுக மூடினார். இன்னும் இறுக.

இமைகள் குளிர்ந்தன.

இருட்டவேயில்லை.