பித்தளைத் தம்ளரில் ஆறு

மூன்று மணிக்குச் சரியாக எண்ணெய் வாசனை வந்தது.

லூர்தம்மாள் அப்போது கொல்லைக் குழாயடியில் நின்று காலில் ஒட்டியிருந்த கல்லறைத் தோட்டத்து மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். கல்லறைத் திருநாள் என்பதால் காலையிலேயே போய், புருஷன் சவரியின் சமாதியைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை சாத்திவிட்டு வந்திருந்தாள். ஐந்து மணிக்கு ஃபாதர் வந்து எல்லாக் கல்லறைகளையும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், அதற்குள் குளித்துவிட்டு மெழுகுவத்தியோடு திரும்பப் போக வேண்டும். கையில் சுண்ணாம்பு நெடி, தலையில் வெயில் சூடு, இதற்கு நடுவே அந்த வாசனை நடு அறையிலிருந்து கிளம்பி, சமையலறையைக் கடந்து, பின்வாசல் வழியாக அவளைத் தேடிக்கொண்டு வந்தது. அது தையல் மிஷின் எண்ணெய் இல்லை. துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய்.

அந்த வீட்டில் துப்பாக்கி இல்லை. ஜூன் மாதமே போலீஸ்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். எண்ணெய்ப் புட்டியை அவளே பேரூராட்சிக் குப்பை வண்டியில் போட்டாள்.

சவரி பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். மாரண்டஹள்ளிக்குத் திரும்பிய பிறகு லைசென்ஸ் எடுத்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, காலை பஸ்ஸில் ஓசூருக்குப் போய் ஒரு முதலாளிக்குக் காவலாக நின்றுவிட்டு வருவார். பூசைக்குப் பாதியில் போய்ப் பாதியில் எழுந்து வருகிற ஆள்தான். ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை மூன்று மணி என்றால், யார் செத்தாலும் பிழைத்தாலும் துப்பாக்கி துடைக்க உட்கார்ந்துவிடுவார்.

மேசைமேல் பழைய பேப்பரை விரிப்பார். முதலில் தோட்டா அடைத்த மேகசினைக் கழற்றுவார். பிறகு மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து உள்ளே ஏதாவது தங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார், கண்ணை நம்பாமல் சுண்டுவிரலாலும் தடவிப் பார்ப்பார். தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பித்தளைத் தம்ளரில் போட்டுப் பட்டாளத்து இந்தியில் எண்ணுவார். ஏக், தோ, தீன். ஏழாவது விழுந்து 'சாத்' என்று சொன்னதும் தம்ளரை லூர்தம்மாளிடம் நீட்டுவார், அவள் அதைக் கொண்டுபோய் அடுத்த அறையில் வைக்க வேண்டும். தோட்டாவும் துப்பாக்கியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அதற்கப்புறம்தான் பிரிப்பது, துடைப்பது எல்லாம். குழலுக்குள் கம்பியில் கோத்த வெள்ளைத் துணியை விட்டு இழுப்பார். கருப்பாக வந்தால் இன்னொரு துணி. வெள்ளையாகவே வருகிறவரை விடமாட்டார். கடைசியில் வெறும் குழலை மேற்கு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அவளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்க அவர்தான் பழக்கினார். அடுப்பில் வேலை கிடக்கும், அவள் சரியாகப் பார்க்காமலே சுத்தமாயிருக்குதுங்க என்று சொல்லிவிட்டு ஓடுவாள்.

அவர் போனது ஒரு வியாழக்கிழமை.

சத்தம் கேட்டு ஓடி வந்தபோது மேசையில் பேப்பர் இல்லை, துணி இல்லை, எண்ணெய் இல்லை. அவர் மட்டும் இருந்தார். ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மூன்று மாதமாகத் தூக்கம் இல்லாமல் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும், கேட்டால் காது இரைகிறது என்பார். அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்ததெல்லாம், சின்ன வயதில் கடத்தூர்ப் பக்கம் இப்படித் தன்னைத்தானே முடித்துக்கொண்ட ஒருத்தரைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்ததுதான். அழுவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்தாள். பேப்பரை விரித்தாள், துணியில் எண்ணெயை ஊற்றினாள், கம்பியையும் தம்ளரையும் எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் வாசலுக்கு ஓடிக் கத்தினாள்.

துடைக்கும்போது கைதவறி வெடித்தது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். சவரியை அவருடைய அப்பாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவரோடு பட்டாளத்தில் இருந்த தர்மன் மட்டும் அந்த மேசையையும் வெறும் தம்ளரையும் வெகுநேரம் பார்த்தான். போகும்போது அவள் காதுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னான்.

"அண்ணி, தம்ளர்ல குண்டப் போடாம அண்ணன் துணியத் தொட மாட்டாருங்க."

வேறு யாரிடமும் அவன் அதைச் சொல்லவில்லை. ஓசூரில் வேலை பார்க்கிற மகள் பிளசிதான் அப்பாவை இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷம் துப்பாக்கி பிடித்த மனுஷனுக்கு இவ்வளவு அலட்சியமா என்று போனில் கேட்டுக் கேட்டு அழுகிறாள். ஆகஸ்டில் வேறொரு சாவின்போது ஃபாதர் பிரசங்கத்தில், கோயில் யாரையும் வெளியே தள்ளாது, அதெல்லாம் அந்தக் காலம் என்றார். லூர்தம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அன்றைக்கே ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கப் பயந்து, வாழ்நாளில் ஒரு தோட்டாவைத் தவறவிடாத மனுஷனைக் கவனமில்லாதவன் என்று ஊரே பேசும்படி செய்துவிட்டாள்.

ஜூலையில் வாசனை மட்டும்தான் வந்தது. ஆகஸ்டில் பேப்பர் விரிகிற சரசரப்பு. செப்டம்பரில் தம்ளரில் தோட்டா விழுகிற சத்தம். அக்டோபரில் குரல். ஆறாவதான 'சே' வரைக்கும் எண்ணி, அதோடு நின்று, இழுப்பறையைத் துழாவி, மேசைக்கு அடியில் தடவி, மறுபடி முதலிலிருந்து எண்ணி, இருட்டுகிறவரை அந்த ஏழாவதைத் தேடிக்கொண்டே இருந்தது. அவள் சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நவம்பரில் முதல் சனிக்கிழமையும் கல்லறைத் திருநாளும் ஒன்றாக வந்துவிட்டன. ஃபாதர் மந்திரிப்பதற்குள் சவரியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்த அந்தச் சமாதியில் அவர் ஒரு நாளும் படுக்க மாட்டார் என்று அவளுக்குப் பட்டது. ஈரக்காலோடு நடு அறைக்குப் போனாள்.

மேசையில் பேப்பர் விரிந்திருந்தது. அவள் விரிக்கவில்லை. அவருடைய நாற்காலி காலியாக, ஆனால் உட்காருகிற தூரத்துக்குப் பின்னால் இழுபட்டுக் கிடந்தது. ஜன்னல் வெயில் மேசைக்குப் பாதிவரை வந்திருந்தது. எதிரே உட்கார்ந்தாள்.

டிங்.

"ஏக்."

தம்ளர் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் சத்தம் விழுந்தது. தோ. தீன். சார். பாஞ்ச். அவசரமே இல்லாத குரல், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றாலும் அசையாத அதே குரல்.

"சே."

பிறகு ஒன்றுமில்லை.

பேப்பரின் ஓரம் தூக்கிப் பார்க்கப்பட்டது. இழுப்பறை திறந்தது. மூடியது. மேசையடியில் என்னவோ அவள் முழங்காலை உரசிப் போனது. அப்புறம் அவள் கை. மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன, எண்ணெய் பிசுபிசுத்த விரல்கள். சில்லென்று. சுண்டுவிரல் அவள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தைவிட அழுகைதான் பெரிதாக இருந்தது.

"அது இங்க இல்லீங்க," என்றாள். "நான்தாங்க பொய் சொன்னேன். நீங்க எதையும் மறக்கல. அது உங்ககிட்டயேதான் இருக்குது."

விரல்கள் நின்றன.

தெருவில் ஒரு தக்காளி வண்டி போனது. பிறகு துணி கிழிபடுகிற சத்தம். கம்பியில் துணி கோக்கிற சத்தம். கம்பி எதற்குள்ளோ போகிற சத்தம். இரும்புக்குள் போவது மாதிரி இல்லை. ஈரமாக இருந்தது. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

பேப்பர்மேல் ஒரு துணி விழுந்தது. கருப்பில்லை. சிவப்பு.

இன்னொன்று. சிவப்பு.

இன்னொன்று.

டிங்.

தம்ளருக்குள் நசுங்கிய ஒன்று உருண்டு நின்றது. இது கண்ணுக்குத் தெரிந்தது.

"சாத்."

அவள் நிமிரவில்லை. துணிகள் விழுந்துகொண்டே இருந்தன. சிவப்பு வெளுத்தது. இளஞ்சிவப்பு. கடைசியில் ஒன்று, வெள்ளை. கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள்.

நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ ஜன்னல் பக்கம் திரும்பி, தலையைச் சாய்க்கிறார்கள். மேசையில் பாதிவரை இருந்த வெயில் மறைந்தது. பேப்பர்மேல் ஒரு தலையின் நிழல். அந்த நிழலுக்கு நடுவே, எட்டணாக் காசைவிடச் சின்னதாக, வட்டமாக, ஒரு பொட்டு வெளிச்சம்.

"லூர்து," என்றார் சவரி. "பாத்துச் சொல்லு. சுத்தமாயிருச்சா?"

அவள் எழுந்து கிட்டே போனாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டாள்.