கொசுவின் கடைசிக் கட்டளை

மடக்கி வைத்த பிளேடுகள் விரிந்திருந்தன.

அவன் மாடி அறையின் வாசலிலேயே நின்றுவிட்டான். நாலு மாதமாக இருந்த அதே மேசைமேல்தான் கொசு என்கிற ரிமோட் ஹெலிகாப்டர் இருந்தது. இரண்டு பிளேடுகளையும் வால் பக்கம் மடக்கி, பஞ்சுப் பட்டையால் கட்டி, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் போனவன் அவன்தான். அதற்குப் பிறகு யாரும் இங்கே வரவில்லை, சாவி அவன் சட்டைப்பையில். இப்போது போர்வை தரையில் கிடந்தது. அதன்மேல் பஞ்சுப் பட்டை, யாரோ நிதானமாகக் கழற்றி வைத்ததுபோல நேராக இருந்தது.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். எந்த எலி பட்டையைக் கழற்றி இவ்வளவு ஒழுங்காக வைக்கும் என்று அவன் புத்தியே திருப்பிக் கேட்டது. சும்மா இரு என்று அதை அடக்கினான்.

கொசு என்று பேர் வைத்தது அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற தம்பியும், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற புருஷனும் ஞாயிறு தவறாமல் ரிமோட் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவார்கள். "ஊர்ல எல்லாரும் கொசுவை அடிக்கிறாங்க, நீங்க ரெண்டு பேரும் செல்லம் குடுத்து வளக்கறீங்க" என்பாள். கொசு என்றாலும் கை நீளத்துக்கு மேல் இருக்கும், பிளேடு சுற்றினால் கண்ணுக்கே தெரியாது. பறக்கவிடும் முன் அத்தான் ரிமோட்டின் குச்சியை இடம், வலம், இடம், வலம் என்று ஆட்டுவார். கொசுவும் அப்படியே தலையாட்டும். அவர் சொல்லுவார்: "மூக்கு குனிஞ்சுதுன்னா முன்னால பாயப்போகுதுன்னு அர்த்தம். அதுக்கு நேரா மட்டும் நிக்காதடா."

கடைசியில் நேராக நின்றது அவர்தான்.

நாலு மணிக்கு அக்கா வருகிறாள். கொசுவையும் ரிமோட்டையும் மைதானத்து ஹெலிகாப்டர் கிளப் மெக்கானிக்கிடம் கொடுக்கப்போகிறாளாம். "எல்லாம் அதுக்குள்ளயே இருக்குமாமே, பாத்துச் சொல்றேன்னார். உங்க அத்தான் எப்படிப் போனார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்டா" என்று காலையில் ஃபோனில் சொன்னாள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பறக்கும்போது சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ரிமோட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். 'மோட்டாரை நிறுத்து' என்று வைத்தால் பொத்தென்று விழும், உடையும், அவ்வளவுதான். 'கடைசிக் கட்டளை' என்று விட்டால், கடைசியாகச் செய்துகொண்டிருந்ததையே செய்துகொண்டிருக்கும். புது ரிமோட் வந்தபோது இரண்டாவதுதான் இருந்தது. மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பார்த்துக்கலாம் என்று தூங்கிப்போனான்.

மறுநாள் மைதானத்தில் அத்தான் கேட்டார். "மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் அத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே எதிரே போய் நின்று செல்ஃபோனில் படம் எடுத்தார். இவன் குச்சியை முன்னால் தள்ளியிருந்தான். ரிமோட்டின் திரை அணைந்தது. கொசு அணையவில்லை.

"காத்து அடிச்சிருச்சுக்கா" என்றான் அக்காவிடம். எல்லாரிடமும் அதையேதான் சொன்னான். இலைகூட அசையாத காலை அது.

மணி மூன்றே முக்கால். கதவைச் சாத்திவிட்டு ரிமோட்டை எடுத்தான். இப்போதாவது மாற்றிவிட்டால் தப்பித்தான். ஜன்னல் வழியே வெயில் மேசையில் பாதிவரை விழுந்திருந்தது, பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பூட்டிக் கிடந்த அறையின் புழுக்க வாடைக்குள் எங்கிருந்தோ வெட்டின புல்லின் வாசனையும், சூடான மோட்டாரின் கருகல் வாசனையும் மெல்ல மெல்லக் கலந்துகொண்டிருந்தன.

ரிமோட்டை ஆன் செய்தான். திரையில் சிக்னல் கோடுகள் ஐந்தும் நிறைந்தன. 'இணைந்தது.'

எதோடு இணைந்தது? கொசுவின் பேட்டரியை அன்றைக்கே பிடுங்கி எறிந்தாயிற்று. குனிந்து பார்த்தான். அதன் வயிறு காலியாகத்தான் இருந்தது.

'மோட்டாரை நிறுத்து' என்று மாற்றினான். சேமித்தான். திரும்பப் பார்த்தான்.

'கடைசிக் கட்டளை.'

மறுபடி மாற்றினான். மறுபடியும் அதே. ஐயோ, மாறித் தொலையேன் என்று வாய்விட்டுச் சொன்னான்.

பக்கத்து வீட்டு மெஷின் நின்றது. அந்த அமைதியில் மேசையிலிருந்து சின்னதாக ஒரு முனகல் கேட்டது. கொசு தலையாட்டியது. இடம். வலம். இடம். வலம்.

அவன் குச்சியைத் தொடவில்லை. குச்சிதான் அவன் விரலுக்கடியில் அசைந்தது.

பிளேடு சுற்றத் தொடங்கியது. மெதுவாக. வேகமாக. பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. போர்வை தரையில் படபடத்தது. பயத்தில் அவன் ரிமோட்டை அணைத்தான்.

அணைத்த பிறகுதான் உறைத்தது. சிக்னலை அறுத்துவிட்டான். அன்றைக்கு மாதிரியே.

கொசு எழுந்தது. கழுத்து உயரத்தில் நின்றது. அதன் மூக்கு கதவைப் பார்த்திருந்தது.

படியில் செருப்புச் சத்தம். அக்கா.

"என்னடா, சாத்திட்டு உள்ள என்ன பண்ற? கதவுக்கடியில இவ்ளோ காத்து வருது!"

"வராதக்கா!"

"என்ன? காத்துல ஒண்ணும் கேக்கல."

கதவின் கைப்பிடி அசைந்தது. கொசுவின் மூக்கு மெல்லத் தாழ ஆரம்பித்தது.

"காத்து இல்லக்கா!" தொண்டை கிழியக் கத்தினான். "அன்னிக்கும் காத்து இல்ல! நான்தான்! மாத்திட்டேன்னு அத்தான்கிட்ட பொய் சொன்னேன். நான் மாத்தவே இல்லக்கா!"

கைப்பிடி நின்றது.

கொசு மூக்கைத் தூக்கியது. வாலைச் சுழற்றி நிதானமாகத் திரும்பியது. இப்போது அவனைப் பார்த்தது. காற்று அவன் முகத்தில் அடித்தது. புல் வாசனை.

பின்னால் சுவர். இடப்பக்கம் மேசை. வலப்பக்கம் அலமாரி.

கதவு திறந்தது. அக்கா நின்றாள். அவள் பார்த்தது கொசுவை அல்ல, தம்பியை.

இடம். வலம். இடம். வலம்.

கொசு குனிந்தது.