பிரித்துப் போட்ட யானை

சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது அந்த மேக்கர் ஸ்பேஸ். பழுதான பொருளைப் பிரித்துப் பார்க்கவும், புதிதாக எதையாவது செய்து பார்க்கவும் யார் வேண்டுமானாலும் அங்கே வரலாம். செங்காங்கிலிருந்து கவிப்ரியாவை அவளுடைய அருண்ராஜ் மாமா கூட்டி வந்திருந்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு அலமாரியில் எது இருந்தாலும் அது எல்லாருக்கும் பொது. யாரையும் கேட்காமல் எடுத்துப் பிரிக்கலாம். பத்து வயதுப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அலமாரியில் ஒரு பஞ்சு யானை உட்கார்ந்திருந்தது. கவிப்ரியா அதன் வயிற்றைத் திறந்தாள். உள்ளே இருந்த சின்னப் பெட்டியை எடுத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். ஒரு கம்பி அறுந்து தொங்கியது.

"அது என் யானை."

திரும்பினாள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் ஆயிஷா.

"ரிப்பேருக்குக் கொண்டு வந்தோம்மா," என்றார் அவள் அம்மா. "அங்கதான் வைக்கணும்னு நினைச்சு வச்சிட்டேன்."

வழக்கப்படி பார்த்தால் கவிப்ரியா மேல் தப்பில்லை. ஆனால் ஆயிஷாவின் உதடு துடிப்பதைப் பார்த்த பிறகு வழக்கமாவது ஒன்றாவது.

"அதுல அத்தா பேசுவாங்க," என்றாள் ஆயிஷா.

"இவ அத்தாவுக்குக் கப்பல்ல வேலை. போறப்போ பேசி வச்சிட்டுப் போனார். இப்ப சத்தமே வரல. இவ தூங்கவே மாட்டேங்குறா," என்றார் அம்மா.

கவிப்ரியா பெட்டியை மேசைமேல் வைத்தாள். "நான்தான் பிரிச்சேன் ஆன்ட்டி. சாரி. கம்பியையும் அறுத்துட்டேன் போல."

மாமா குனிந்து பார்த்தார். "இது பழைய அறுப்பு. முனை கறுத்துப் போயிருக்கு பாரு. அதனாலதான் சத்தம் வரல. ஈயத்தால பத்த வச்சா சரியாயிடும். முதல்ல பேட்டரிய எடுத்துடறேன்."

"எடுத்தா குரல் அழிஞ்சிடாதா மாமா?"

மாமாவின் கை அப்படியே நின்றது. "சில பொம்மையில அழிஞ்சிடும். இதுல எப்படின்னு தெரியலயே."

ஆயிஷா யானையைக் கட்டிக்கொண்டாள். கவிப்ரியா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப எடுக்க வேணாம். கம்பிய நான் விரலால அழுத்திப் பிடிச்சுக்கறேன். ஆன்ட்டி, நீங்க ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க. அப்புறம் அழிஞ்சாலும் பயமில்ல."

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அறை முழுக்க ஒரே இரைச்சல். துளை போடும் இயந்திரம் ஒரு பக்கம், ரம்பம் ஒரு பக்கம். கவிப்ரியா மேசை மேசையாகப் போனாள். சிலரிடம் தமிழில், சிலரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன், ப்ளீஸ் லா. ஒரு அத்தா பேசப் போறாங்க."

ஒவ்வொன்றாக நின்றது. அறையில் கூரைக் காற்றாடிச் சத்தம் மட்டும் மிச்சம்.

கவிப்ரியா கம்பியை அழுத்திப் பிடித்தாள். ஆயிஷா பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். கரகரவென்று ஏதோ கேட்டது. பிறகு ஒரு குரல்.

"ஆயிஷாம்மா, அத்தா இங்கதான் இருக்கேன். கண்ண மூடிக்கங்க."

ஆயிஷா மூடிக்கொண்டாள். பக்கத்து மேசைச் சீனப் பெரியவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. அவரும் மூடிக்கொண்டார்.

"பதிஞ்சிடுச்சு," என்றார் ஆயிஷாவின் அம்மா மெதுவாக.

"தேங்க் யூ. இனி நீங்க வேலையப் பாக்கலாம்," என்று எல்லாரிடமும் சொன்னாள் கவிப்ரியா.

ஆயிஷா கண்ணைத் திறக்கும்வரை ஒருவரும் இயந்திரத்தைப் போடவில்லை.