திறக்கக்கூடாத போத்தல்கள்

ஞாயிறு காலைகளில் துஷ்யந்தி நிலவறைக்கு இறங்கித் தன் போத்தல்களைப் பார்த்துவிட்டு வருவாள். முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் கிடையாகப் படுத்திருந்தன. பெயர்ச்சீட்டு இல்லாத பழைய போத்தல்களில், எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. தூசியைத் துடைக்கமாட்டாள். தக்கை கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள், அவ்வளவுதான். கசிந்தால் அரசாங்கத்தின் காற்றுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். வந்து எடுத்துப்போய் எரித்துவிடுவார்கள்.

வைத்திருக்கலாம், திறக்கக்கூடாது. அதுதான் சட்டம்.

புருசல்ஸ் நகருக்குத் தென்மேற்கே சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அவளுடைய வீடு. ஒருகாலத்தில் லாம்பிக் என்ற பியர் இந்தப் பள்ளத்தாக்கில்தான் உண்டாயிற்று. அதைப் புளிக்கவைக்க யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கோதுமையும் பார்லியும் கொதித்த சாற்றைக் கூரைக்கடியில் அகன்ற செப்புத் தொட்டியில் ஊற்றி, காற்றுக்குத் திறந்துவிடுவார்கள். காற்றிலும் உத்தரங்களிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தாமாக வந்து இறங்கும். மிச்சத்தை மரப்பீப்பாயும் வருடங்களும் பார்த்துக்கொள்ளும். இருபது வயதில் அவள் முதன்முதலாகக் குடித்தபோது முதல் வாய் புளித்த மோரும் பழைய தோல்வாரும் கலந்ததுபோல் இருந்தது. இரண்டாவது வாயில் பச்சை ஆப்பிள். மூன்றாவது வாய்க்குப் பிறகு அவளுக்கு வேறு எந்தப் பியரும் பிடிக்காமல் போயிற்று.

பிறகு காற்றில் பரவும் மூச்சுக் காய்ச்சல் வந்தது. அதன் பின்னால் உயிர்ப்பதிவுச் சட்டம் வந்தது. காற்றில் வாழும் ஒவ்வொரு நுண்ணுயிருக்கும் பொறுப்பேற்க ஒரு சொந்தக்காரர் வேண்டும்; சொந்தக்காரர் இல்லாதது கொல்லப்படும். ஜன்னல்களை அடைத்துக் குழாய் வழியே வடிகட்டிய காற்றை விட்டார்கள். தங்கள் பீப்பாய்க்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று லாம்பிக்காரர்களால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவராக மூடினார்கள். சேகரிப்பவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: போத்தல்கள் காட்சிப்பொருளாக இருக்கலாம்.

அந்த ஞாயிறு பகலில் பிரணவன் வந்தான். துஷ்யந்தியின் சிநேகிதியின் மகன். இந்த வீட்டு முற்றத்தில் விளையாடி வளர்ந்தவன். இப்போது காற்றுத் துறையில் அதிகாரி. கையில் ஒரு புதுப் போத்தல்.

"அன்ரி, இது தூய்மூச்சு நிறுவனத்தின்ர புதுச் சரக்கு. பதிவு செய்த லாம்பிக். இனி நீங்கள் பயப்பிடாமல் குடிக்கலாம்."

துஷ்யந்தியின் கணவர் ரூபன் மூன்று கிளாஸ் கொண்டுவந்தார். பிரணவன் தனக்கு வேலை நேரம் என்றான். துஷ்யந்தி முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். கிளாஸைக் கீழே வைக்காமல் கணவரைப் பார்த்தாள்.

ரூபனும் குடித்தார். அவர் முகம் மாறியது.

"இது எங்கட கூரையெல்லோ" என்றார்.

மகள் ஆரணி பிறந்த வருடம் இருவரும் சேர்ந்து கூரையறையில் ஒரே ஒரு தடவை காய்ச்சியிருந்தார்கள். பலாச்சுளை காய்ந்ததுபோல், ஈர வைக்கோல்போல், கடைசியில் நாக்கின் ஓரத்தில் மெல்லிய உப்பு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ருசி. அந்த உத்தரங்களுக்கு மட்டும் உரியது. அதில் பன்னிரண்டு போத்தல்கள் கீழே படுத்திருந்தன.

"போன வருசம் உங்கட ஆக்கள் கூரையைச் சோதிக்கவேணும் எண்டு பஞ்சால ஒத்தி எடுத்துக்கொண்டு போனவை" என்றாள் துஷ்யந்தி. "அது இதுக்குத்தானோ?"

பிரணவன் மேசையைப் பார்த்தான். "எடுத்தது நாங்கள்தான். பதிஞ்சது தூய்மூச்சுக்காரர். முதல்ல பதியிறவைக்குத்தான் சொந்தம், அன்ரி. சட்டம் அப்பிடி."

"என்ர வீட்டு மரத்தில இருந்தது. என்ர பிள்ளையோட சேர்ந்து வளர்ந்தது."

"இன்னொண்டும் சொல்லவேணும். சலுகையை நிப்பாட்டிட்டினம். உங்கட போத்தலுக்குள்ள இருக்கிறது இப்ப அவையின்ர சொத்து. நாளைக்கு வந்து எல்லாத்துக்கும் கதிர்வீச்சு அடிச்சு உள்ளுக்கு இருக்கிற உயிரைச் சாகடிச்சுப்போட்டுத் திருப்பித் தருவம். போத்தல் உங்களுக்குத்தான்."

"செத்த போத்தல்."

"அன்ரி, நான் என்ன செய்யிறது?"

"நீ ஒண்டும் செய்யவேண்டாம். எழும்பிப் போ" என்றாள். கதவைத் திறந்து பிடித்தாள்.

அவன் போனதும் ரூபன் மெதுவாகக் கேட்டார்: "எத்தினையை ஒளிக்கலாம்?"

"ஏன் ஒளிக்கவேணும்? நாங்கள் என்ன களவெடுத்தனாங்களோ? கூடையை எடுங்கோ."

ஏழு அண்டை வீட்டுக்காரர்களை அழைத்தாள். பக்கத்து வீட்டு யோரிஸ் பாலாடைக்கட்டியோடு வந்தார். அவருடைய தகப்பன் லாம்பிக் பீப்பாய் செய்தவர். துஷ்யந்தி ஒவ்வொரு போத்தலையும் குலுங்காமல் கூடையில் சாய்த்துத் தூக்கி வந்தாள். எந்த விருந்துக்கும், எந்தப் பிறந்தநாளுக்கும் வேண்டாம் வேண்டாமென்று தள்ளிவைத்தவை. தக்கைகள் பெருமூச்சோடு விலகின. இளசும் முதிர்ந்ததுமான லாம்பிக்குகள் கலந்த கூஸ் நுரைத்து வழிந்தது. கிரீக் என்ற, செர்ரி ஊறிய லாம்பிக்கின் நிறம் மங்கியிருந்தது, ருசி மங்கவில்லை. யோரிஸ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிளாஸை மறுபடி நீட்டினார்.

எல்லாவற்றையும் குடித்துத் தீர்க்க ஒன்பது பேரால் முடியுமா? முடிந்த மட்டும் குடித்தார்கள். மிச்சத்தைத் துஷ்யந்தி தோட்டத்து மண்ணில், செர்ரி மரத்தடியில், வேலியோரத்தில் ஊற்றினாள். ஆரணியின் வருடத்துப் பன்னிரண்டு போத்தல்களில் மட்டும் யாரும் ஒரு சொட்டும் சிந்தவில்லை. இத்தனை வருடம் காத்தது இவர்கள் வந்து கொல்லவா என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் ஏறியது. கோபத்தோடேயே குடித்தாள். அப்படியும் நன்றாக இருந்தது.

மறுநாள் பிரணவன் கவச உடையில் இரண்டு பேரோடு வந்தான். நேற்றுக் குடித்தவர்களும் அவளுக்குத் துணையாக வந்து கூடத்தில் இருந்தார்கள். நிலவறையில் வெறும் போத்தல்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு அவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான்.

"குடிச்சிட்டீங்களோ? எல்லாத்தையும்?"

"போத்தல் எனக்குத்தான் எண்டு நீதானே சொன்னனி. எண்ணிப் பார்."

கூட வந்தவர்களில் ஒருவர், மூச்சில் பதிவான நுண்ணுயிர் இருந்தால் சிவக்கும் மூச்சளவியை நீட்டி ஒன்பது பேரையும் ஊதச் சொன்னார். ஒன்பது தடவையும் சிவப்பு.

பிரணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அன்ரி, அவையின்ர சொத்து உங்கட நெஞ்சுக்குள்ள இருக்கு. நிறுவனம் அனுமதி தருமட்டும் நீங்கள் ஒருத்தரும் வெளியில போய் மூச்சு விடேலாது. விட்டால் களவுக் குற்றம்."

"என்ர மூச்சை நான் விடுறது களவோ?"

"நான் சட்டத்தைச் சொல்லுறன்."

"அப்ப நீயும் ஊது."

"நான் ஒரு சொட்டும் குடிக்கேல்லை."

"ஊதடா."

யோரிஸ் அளவியை வாங்கி அவன் வாயருகே பிடித்தார். சின்ன வயது முழுக்க இந்த வீட்டில் தின்று, உறங்கி, இந்தக் கூரைக்கடிக் காற்றைச் சுவாசித்து ஓடித்திரிந்தவன். அவன் ஊதினான். அளவி ஒரு கணம் யோசித்தது. பிறகு சிவந்தது.

கூட வந்த இருவரும் அவனைப் பார்த்தார்கள். கதவை நோக்கிப் பின்வாங்கி, வெளியே போய், அதை அவன் முகத்துக்கு நேரே மூடி முத்திரை வைத்தார்கள்.

பிரணவன் கைப்பிடியை இரண்டு தடவை திருகினான். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவனுக்கும் கோபம் வந்தது.