பெருந்தீனி என்றொரு குட்டை

நண்டுக்கு ஒன்பது வயது. எந்நேரமும் மண்ணை நோண்டிக்கொண்டிருப்பதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் அது. பெயர் வைத்த அப்பா இப்போது பக்கத்தில் இல்லை. கடல் தாண்டி வேலை பார்க்கிறார். வீடு கட்டி முடித்ததும் வந்துவிடுவார்.

ஆனால் வீடு இன்னும் தொடங்கவே இல்லை. காலி மனையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நண்டும், அம்மாவும், அம்மாவின் தையல் மெஷினும். அக்கம்பக்கத்தில் வேறு வீடு கிடையாது. பள்ளிக்கும் விடுமுறை.

"அம்மா, ஒரு விஷயம்..."

"இந்த நாலு சட்டைய முடிச்சிடறேன் கண்ணு. அப்புறம் பேசலாம்."

நாலு சட்டை முடிவதற்குள் எட்டு சட்டை வந்துவிடும்.

அதனால் போன வாரம் மழை பெய்தபோது, நண்டு குட்டைகளோடு பேச ஆரம்பித்தாள். மனையில் மொத்தம் ஏழு குட்டைகள். முன்பக்கத்தில் இருந்தது நாலு நாளானாலும் ஒரு சொட்டுத் தண்ணீரை விடாது. அதற்குக் கஞ்சன் என்று பெயர் வைத்தாள். பின்வேலி ஓரத்தில் இருந்தது மழை நின்ற கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் குடித்துவிடும். அது பெருந்தீனி.

நண்டு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பெருந்தீனிக்கு ஊற்றுவாள்.

"இன்னும் வேணுமா? உனக்கு வயிறா, கிணறா?"

'களக்' என்று சத்தம் வரும். அவள் கேட்டதும் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

மழை விட்டு மனை காய்ந்த பிறகு, மண் சோதிக்கும் அக்கா வந்தார். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை இந்த மண் உறிஞ்சுமா என்று அவர் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு மூன்று குழி தோண்டி, அடியில் ஜல்லி போட்டு, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டார். மறுநாள் காலையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றி, அளவுகோலை நட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அரை மணி ஆனது. ஒரு மணியும் ஆனது. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது.

கழுத்தில் அளவு நாடாவோடு அம்மா எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் களிமண்ணுங்க. தண்ணிய உள்ளயே விடல. இப்படி இருந்தா வீடு கட்ட அனுமதி கிடைக்காது" என்றார் அக்கா.

"வேற வழி இல்லையா?"

"வேற மனைதான் பாக்கணும்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்போ அவர் இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே கிடக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தண்ணீர் குடிக்கும் இடம் அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் அங்கே தோண்டிவிடுவார்கள். அப்புறம் பெருந்தீனி இருக்காது. அவள் பின்வேலி வரை நடந்து போய், அந்தக் காய்ந்த பள்ளத்தின் அருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"அக்கா, மூணு குழியையும் கஞ்சன் மேலயே தோண்டிட்டீங்க."

"கஞ்சனா? யாரது?"

நண்டுக்குக் காது சூடானது. தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டார்.

"பெருந்தீனியக் காட்டு."

"மெதுவா தோண்டுங்கக்கா."

ஒரு சாண் மேல்மண்ணுக்குக் கீழே செம்மண்ணும் சரளையும் வந்தன. அக்காவின் புருவம் உயர்ந்தது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு குழி தோண்டி, மூன்றையும் ஊறவிட்டார்.

"நாளைக்குப் பாப்போம். ரொம்ப வேகமா குடிச்சாலும் ஆகாது. அழுக்குத் தண்ணி வடிகட்டாம அப்படியே ஆழத்துக்குப் போயிடும்."

இது நண்டுக்குப் புதுக் கவலை. மறுநாள் அக்கா அளவுகோலை நட்டபோது, அவள் குழிக்குள் குனிந்து கிசுகிசுத்தாள்: "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அள்ளிக் குடிக்காதே. மரியாதையா குடி."

அரை மணியில் மூன்று சென்டிமீட்டர் இறங்கியது. அடுத்த அரை மணியிலும் மூன்று. மற்ற இரண்டு குழிகளிலும் கிட்டத்தட்ட அதே அளவு.

"அளவா குடிக்கிறான்! இந்தப் பக்கம் தண்ணிய விட்டுக்கலாம். நீங்க வீடு கட்டலாம்" என்றார் அக்கா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் பைக் தெருமுனையில் திரும்பி மறைந்தது. மனை மறுபடியும் அமைதியானது. பெருந்தீனி இருந்த இடத்தில் மண்மேடுதான் இருந்தது. நண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கிடைத்த ஒரு சரளைக்கல்லை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நண்டு, இங்க வா."

அம்மா ஒரு சட்டியில் சுண்ணாம்புப் பொடி வைத்திருந்தார். "எங்கெங்க என்ன வரும்னு கோடு போட்டுப் பாக்கலாமா?"

சமையலறைக்குக் கோடு போட்டார்கள். ஜன்னலுக்கும் போட்டார்கள்.

"அப்பா கட்டில் எங்கம்மா?"

"நீயே சொல்லு."

நண்டு ஓர் இடம் பார்த்துத் தரையில் மல்லாந்து படுத்தாள். அம்மா அவள் கால் தாண்டியும் பொடியைத் தூவிக்கொண்டு போனார்.

நண்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு அடி விடும்மா. அப்பா காலை நீட்டித்தான் தூங்குவார்."

அம்மா இன்னும் ஒரு அடி விட்டார்.